டஸ்கனியில் ஏழு இரவு: மலையூர், சாப்பாடு, ஒயின்

இத்தாலியின் டஸ்கனி பக்கம் டூர் போய் வந்தவர்களைக் கேட்டால் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: ஊரைப் பார்த்த நேரத்தைவிடப் பஸ் சன்னலைப் பார்த்த நேரம் அதிகம். காரணம் வரைபடம். சியெனாவிலிருந்து மொன்டெபுல்ச்சானோ ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தான். ஆனால் பாதை குன்றுகளைச் சுற்றிச் சுற்றிப் போவதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்தாலும் ஊர் மலைமேல், பஸ் நிறுத்தம் அடிவாரத்தில். ஏறிப் போகக் கால் மணி, திரும்பக் கூட்டத்தைச் சேர்க்கக் கால் மணி, நடுவில் கழிப்பறை வரிசை. ஒரு கல்லைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

அதனால் திட்டம் போடும்போது ஒரு நாளுக்கு இரண்டு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர், அல்லது ஒரு ஊரும் ஒரு ஒயின் பண்ணையும். மூன்றாவது சேர்ந்தால் மூன்றுமே அரைகுறைதான். இன்னொன்று, ஏற்றமும் படியும் காலையில், ஒயின் மதியத்துக்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பது பண்ணை வாசலிலேயே தெரிந்துவிடும்.

எப்போது போவது

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை ஒன்று, செப்டம்பர் முதல் அக்டோபர் நடு வரை இன்னொன்று. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி உள்ளூர்க்காரர்களே கடையை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை திராட்சை அறுவடை. பார்க்க அழகுதான், ஆனால் சின்னப் பண்ணைகளில் ஒயின் செய்பவரே அறுவடையிலும் நிற்பதால் உங்களோடு உட்கார்ந்து பேச ஆள் இருக்காது. பேச்சும் விளக்கமும் வேண்டும் என்றால் மே மாதம். நவம்பரில் புது ஆலிவ் எண்ணெய் கிடைக்கும், கூட்டம் இருக்காது. ஆனால் கிராமத்து விடுதிகள் பாதி மூடியிருக்கும்.

சியெனாவின் பாலியோ குதிரைப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில். பந்தயம் பார்க்கவே போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. சதுக்கத்தில் மண் கொட்டி ஓடுபாதை போட்டிருப்பார்கள், அறைகள் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எட்டாது.

டூர் தாளை வாசிக்கும் முறை

நிறுவனம் தரும் பயணத் திட்டத்தில் சொற்களைக் கவனியுங்கள். ‘பார்வையிடுதல்’, ‘பனோரமிக் டூர்’ என்றிருந்தால் பெரும்பாலும் பஸ்ஸிலிருந்து பார்ப்பது, அல்லது வாசலில் இறங்கிப் படம் எடுப்பது. ‘நுழைவுக் கட்டணம் சேர்த்தி’ என்று எழுதியிருந்தால்தான் உள்ளே போவீர்கள். ‘ஓய்வு நேரம்’ என்பது கைடு இல்லாத நேரம். ‘ஒயின் சுவைப்பு’ என்று மட்டும் இருந்தால் எங்கே, எத்தனை வகை, சாப்பாடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலை ஓரக் கடையில் இரண்டு மடக்கு கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பாட்டில் விற்பதையும் சிலர் ஒயின் சுவைப்பு என்றுதான் எழுதுகிறார்கள்.

கைடும் டூர் மேனேஜரும் ஒருவரே என்று நினைக்க வேண்டாம். கூடவே வரும் டூர் மேனேஜருக்கு அறை, பஸ், சாப்பாடு பார்ப்பதுதான் வேலை. அருங்காட்சியகத்துக்குள்ளோ பெரிய கோயிலுக்குள்ளோ (கிறிஸ்தவப் பேராலயம்) நின்று விளக்கிச் சொல்ல இத்தாலியில் உரிமம் பெற்ற கைடு வேண்டும். 2023-ல் வந்த சட்டம் இவர்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதிவேட்டைக் கொண்டுவந்தது. ஆகவே எந்தெந்த ஊரில் உள்ளூர் கைடு, எத்தனை மணி நேரம் என்பது தாளில் இருக்க வேண்டும். ஃபிளாரன்ஸிலும் சியெனாவிலும் கைடு அவசியம். பியென்ஸா, மொன்டல்ச்சீனோ போன்ற சின்ன ஊர்களில் இல்லாவிட்டாலும் நட்டமில்லை.

குழு எவ்வளவு பெரிது என்பதும் முக்கியம். 45 பேர் கொண்ட பஸ்ஸைப் பெரிய பண்ணைகள்தான் ஏற்கும். 16 பேருக்குள் என்றால் சின்னப் பண்ணையின் மேசையில் எல்லோரும் உட்காரலாம், குறுகிய மலைப்பாதையில் வேனும் போகும். நான்கைந்து பேர் என்றால் டூர் நிறுவனமே வேண்டாம், ஓட்டுநரோடு வாடகை வண்டி பிடிக்கலாம். இத்தாலியில் இதை ‘என்.சி.சி.’ என்பார்கள். ஒயின் பண்ணைக்குப் போகிற நாளில் தானே ஓட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. உரிமம் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குப் பூஜ்யம்.

பஸ் ஓட்டுநருக்கும் சட்டம் உண்டு: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, இரவில் வழக்கமாகத் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு. இரவு விருந்து 11 மணி வரை இழுத்தால் மறுநாள் காலை 8 மணிக்கு வண்டி எடுக்க முடியாமல் போவது இதனால்தான். ஓட்டுநரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்து நிறுவனத்திடம் பேக்கேஜாக வாங்கியிருந்தால் உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. எரிபொருள், வரி போன்ற காரணங்களுக்காக விலையை ஏற்றினாலும் புறப்பட 20 நாள் முன்னால் வரைதான் ஏற்றலாம். ஏற்றம் 8 சதவீதத்தைத் தாண்டினால் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

விசா, பெட்டி

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு, ஆகவே மூன்று மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லும் கடவுச்சீட்டு, அதில் இரண்டு வெற்றுப் பக்கம். இத்தாலியோடு வேறு நாடும் சேர்ந்திருந்தால் எந்த நாட்டில் அதிக இரவோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும்.

பெட்டியில் நெய், பால்பொடி, இறைச்சித் தொக்கு வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரத் தடை, பிடித்தால் குப்பைக்குப் போகும். காலணி விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். சரளைக்கல்லும் வழவழத்த கல்தளமும்தான் தெரு. மழை பெய்தால் தோல் அடிப்பாகம் கொண்ட செருப்பு வழுக்கும், ரப்பர் அடிப்பாகம் பிடிக்கும். கோயில்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால் ஒரு துப்பட்டா கைப்பையில் இருக்கட்டும்.

விடுதி பழைய நகருக்குள் இருந்தால் பஸ் வாசலுக்கு வராது. ‘இசட்.டி.எல்.’ என்ற பலகைக்கு அப்பால் அனுமதி இல்லாத வண்டிகள் நுழைந்தால் கேமரா படம் எடுத்து அபராதம் வீட்டுக்கே வரும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து விடுதி எத்தனை மீட்டர், ஏற்றமா இறக்கமா என்று முன்பே கேளுங்கள். கல்தெருவில் 23 கிலோ பெட்டியை 600 மீட்டர் இழுத்தால் சக்கரம் கழன்றுவிடும். ஊர் தங்கும் வரி பெரும்பாலும் பேக்கேஜில் சேராது. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று விடுதியில் தனியாகக் கேட்பார்கள். அது ஏமாற்று அல்ல.

ஏழு இரவை எப்படிப் பிரிப்பது

ஃபிளாரன்ஸில் மூன்று, சியெனாவில் நான்கு. தினமும் விடுதி மாற்றும் டூர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் அரை நாளைத் தின்னும்.

முதல் நாள் வந்து சேர்வதற்கே சரியாக இருக்கும். ஃபிளாரன்ஸ் விமான நிலையம் சின்னது. பலர் ரோமில் இறங்கி அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிறார்கள். பெயர்ப்பலகையில் ‘ஃபிரென்ஸே’ என்றுதான் இருக்கும், இறங்க வேண்டியது ‘சாந்தா மரியா நொவெல்லா’ நிலையம்.

இரண்டாம், மூன்றாம் நாள் ஃபிளாரன்ஸ். உஃபீஸி ஓவியக்கூடமும், மிக்கேலாஞ்சலோவின் 5.17 மீட்டர் டேவிட் சிலை நிற்கும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை விடுமுறை. டூர் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பாருங்கள். ஃபிளாரன்ஸ் நாள் திங்களில் விழுந்தால் அந்த நாளைப் பெரிய கோயிலுக்கு வையுங்கள். கோயிலுக்குள் போகக் காசு இல்லை. ஆனால் புருனெல்லெஸ்கி கட்டிய குவிமாடத்தின் மேல் ஏற நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். 463 படி, லிஃப்ட் கிடையாது. குவிமாடத்தின் உள் ஓட்டுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவிலுள்ள சந்து வழியே குனிந்து ஏற வேண்டும், நடுவில் திரும்ப முடியாது. முழங்கால் வலி, மூச்சுத் திணறல், அடைத்த இடம் என்றால் பயம், இதில் எது இருந்தாலும் கீழேயே நில்லுங்கள்.

நான்காம் நாள் காலை 8 மணிக்குப் பெட்டியோடு கிளம்பி சான் ஜிமிஞானோ. ஒருகாலத்தில் 72 கோபுரம் இருந்ததாகச் சொல்வார்கள், இப்போது 14 நிற்கின்றன. பணக்காரக் குடும்பங்கள் ஒன்றையொன்று மிஞ்சக் கட்டியவை. 11 மணியிலிருந்து 4 மணி வரை ஒருநாள் டூர் பஸ்கள் வந்து குவியும், 11 மணிக்குள் முக்கிய இடங்களைப் பார்த்துவிட வேண்டும். ஊர்ப்பெயரில் வரும் வெர்னாச்சா வெள்ளை ஒயினுக்கு இத்தாலியில் முதன்முதலாக 1966-ல் ‘டி.ஓ.சி.’ எனும் பிறப்பிடச் சான்றுத் தகுதி கிடைத்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் காஸ்தெல்லீனா பக்கம் ஒரு கியாந்தி ஒயின் பண்ணை. அங்கிருந்து சியெனா அரை மணி நேரம். (எழுத்தைப் பார்த்துச் ‘சியான்டி’ என்று சொல்லிவிடாதீர்கள், கியாந்திதான்.)

ஐந்தாம் நாள் முழுவதும் சியெனா, வண்டி தேவையில்லை. காலை எட்டு மணிக்கு முன் காம்ப்போ சதுக்கத்தில் போய் உட்காருங்கள். சிப்பி விரித்த மாதிரி சரிந்து இறங்கும் செங்கல் தரை, வெள்ளைக் கல் வரிகளால் ஒன்பது பங்காகப் பிரிந்திருக்கும். நகரை ஆண்ட ஒன்பது பேர் சபையின் அடையாளம் அது. ஊரில் இன்றும் 17 கோன்த்ராதா, அதாவது பேட்டைகள் உண்டு. தெரு மூலைச் சுவரில் நத்தை, ஆமை, காண்டாமிருகம் என்று சின்னம் மாறினால் பேட்டை மாறிவிட்டது என்று பொருள். கைடு இதைக் காட்டாவிட்டால் கேளுங்கள்.

பெரிய கோயிலின் பளிங்குத் தரையில் 56 சித்திரங்கள் பதித்திருக்கிறார்கள். ஆண்டில் சில மாதங்கள் மட்டும்தான் முழுத் தரையையும் திறந்துவைப்பார்கள், மற்ற காலத்தில் பெரும்பகுதி மூடியிருக்கும். உங்கள் தேதியில் திறப்பா என்று பாருங்கள். கோயிலை ஒட்டி ஒற்றைச் சுவர் தனியாக நிற்கும். இன்னும் பெரிய கோயிலாக்கத் தொடங்கி, 1348-ல் கொள்ளைநோய் வந்து ஊரையே காலி செய்ததில் நின்றுபோன வேலை அது. அந்தச் சுவரின் மேல் ஏறலாம். காம்ப்போவின் மாஞ்சா கோபுரத்தைவிட இங்கே படி குறைவு, காட்சியும் குறைந்ததல்ல. ஒன்றுதான் ஏற முடியும் என்றால் இதைத்தான் ஏறுங்கள்.

ஆறாம் நாள் மொன்டல்ச்சீனோவும் ஒரு புருனெல்லோ ஒயின் பண்ணையும். ஏழாம் நாள் பியென்ஸா, மொன்டெபுல்ச்சானோ. பியென்ஸா சின்ன ஊர். இங்கே பிறந்த போப் இரண்டாம் பயஸ் 1459 முதல் தன் கிராமத்தை இடித்து மாதிரி நகரமாகக் கட்டினார். ஒரு மணி நேரம் போதும், மிச்ச நேரத்தைப் பெக்கொரீனோ எனும் செம்மறியாட்டுப்பால் சீஸுக்குக் கொடுங்கள். மொன்டெபுல்ச்சானோ 14 கிலோமீட்டர்தான். ஆனால் கீழ்வாசலிலிருந்து மேல் சதுக்கம் வரை ஒரே ஏற்றம். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு இந்தத் தெருவில் ஏறக்குறைய 80 கிலோ மரப்பீப்பாயை இரண்டிரண்டு பேர் உருட்டி ஏறும் போட்டி நடத்துகிறார்கள் என்றால் சரிவை நீங்களே கணக்கிடலாம். வயதானவர்கள் சின்ன ஊர் பஸ்ஸில் மேலே போய்விட்டு நடந்து இறங்கலாம். அரண்மனைகளுக்கு அடியில் குடைந்த பழைய ஒயின் நிலவறைகள் வழியில்தான் இருக்கின்றன. உள்ளே கோடையிலும் குளிரும், மேல்சட்டை எடுத்துப் போங்கள்.

நான்கு இரவில் ஏதாவது ஒரு நாள் மழையில் போனால் மொன்டல்ச்சீனோவை விடுங்கள், மொன்டெபுல்ச்சானோவை விடாதீர்கள்.

பண்ணையில்

சுவைப்புக்கு முன்பதிவு இல்லாமல் போனால் வாசல் திறக்காது. வழக்கமான வரிசை இதுதான்: தோட்டம், பீப்பாய் அறை, பிறகு மேசை. மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மேசையில் நான்கு முதல் ஆறு வகை வரும், ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லி. குறைவாகத் தெரியும். கூட்டிப் பாருங்கள்: 40 மில்லி வீதம் ஐந்து என்றால் 200 மில்லி, அதுவும் 14 சதவீத ஒயின். ஒரே நாளில் இரண்டு பண்ணை என்றால் அரை பாட்டிலுக்கு மேல் உள்ளே போயிருக்கும், ஏறுவெயிலில், பாதி வெறும் வயிற்றில். மதியம் சாப்பிட்ட பிறகே போகச் சொல்வது இதற்காகத்தான்.

மேசையில் துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் இருக்கும். துப்புவது மரியாதைக் குறைவு அல்ல, தொழில்காரர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். கிண்ணத்தில் மிச்சம் இருந்தாலும் அதிலேயே ஊற்றிவிடலாம். குடிக்காதவர்கள் கூட்டத்தில் இருந்தால் முன்பே சொல்லுங்கள். பல பண்ணைகளில் ஆலிவ் எண்ணெய் செய்கிறார்கள், அதைச் சுவைக்கத் தருவார்கள்.

அன்றைக்கு சென்ட் வேண்டாம், தலையில் பூவும் வேண்டாம். பத்து நாற்காலி தள்ளி இருப்பவருக்கும் ஒயினின் வாசம் தெரியாமல் போய்விடும். ஊறுகாய் டப்பாவும் அறையிலேயே இருக்கட்டும். காரமும் உப்பும் பட்ட நாக்குக்கு ஆறு ஒயினும் ஒரே புளிப்பாகத்தான் தெரியும்.

கிண்ணத்தைத் தண்டில் பிடியுங்கள். வயிற்றில் பிடித்தால் கைச்சூடு ஏறும், கண்ணாடியும் மங்கும். முதலில் வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து விளிம்பைப் பாருங்கள்: இளம் சிவப்பு ஒயினின் விளிம்பில் ஊதா, வயதானதில் செங்கல் நிறம். பிறகு அசைக்காமல் ஒரு முறை முகருங்கள். கிண்ணத்தை மேசையிலேயே வைத்து இரண்டு சுற்றுச் சுழற்றி மறுபடி முகருங்கள். முதல் முறை வராத வாசம் இரண்டாம் முறை வரும். டஸ்கனியின் சான்ஜொவேசே திராட்சையில் பெரும்பாலும் புளிப்புச் செர்ரி, காய்ந்த இலை, தோல், சில சமயம் ஈரமண். ஒரு மடக்கு வாங்கி உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் படர விடுங்கள். நாக்கின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னமும் இழுத்துப் பிடித்தால் அதுதான் டானின். நமக்கு அதற்குத் தனிச்சொல்லே உண்டு, துவர்ப்பு. வாழைப்பூவையோ கொட்டைப்பாக்கையோ மென்ற நாக்குக்கு இது புதிதல்ல. இப்போது ஒரு துண்டு பெக்கொரீனோவை மென்றுவிட்டு அதே ஒயினை மறுபடி குடியுங்கள். பிடிப்பு தளர்ந்து பழச்சுவை மேலே வரும். சீஸின் புரதமும் கொழுப்பும் செய்யும் வேலை அது. மேசையில் சீஸ் வைப்பது அலங்காரத்துக்கு அல்ல.

புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சில அடையாளம். ‘கியாந்தி’ வேறு, ‘கியாந்தி கிளாசிகோ’ வேறு. பின்னது ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவிலுள்ள பழைய பகுதி, 1716-லேயே எல்லை வகுத்தது. கழுத்தில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும், குறைந்தது 80 சதவீதம் சான்ஜொவேசே. ‘புருனெல்லோ தி மொன்டல்ச்சீனோ’ முழுக்க முழுக்க சான்ஜொவேசே. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும், அதில் குறைந்தது இரண்டு ஆண்டு மரப்பீப்பாயில். விலை அதனால்தான். அதே பண்ணையின் ‘ரோஸ்ஸோ தி மொன்டல்ச்சீனோ’ ஓராண்டில் வருவது, பாதி விலைகூட இருக்காது. முதல் முறை குடிப்பவருக்குப் பெரும்பாலும் இதுதான் பிடிக்கிறது. ‘வீனோ நோபிலே தி மொன்டெபுல்ச்சானோ’வில் குறைந்தது 70 சதவீதம் சான்ஜொவேசே. கடையில் ‘மொன்டெபுல்ச்சானோ தாப்ருட்ஸோ’ என்று மலிவாக ஒன்று இருக்கும். அது வேறு பிராந்தியத்து ஒயின், அங்கே மொன்டெபுல்ச்சானோ என்பது திராட்சையின் பெயர். ஊர்ப்பெயர் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏராளம்.

சாப்பாட்டு மேசை

மதியம் 12.30 முதல் 2.30 வரை, இரவு 7.30-க்குப் பிறகு. நடுவில் சமையலறை மூடியிருக்கும். மூன்றரைக்குப் பசித்தால் ‘பார்’தான் கதி. அங்கே பார் என்றால் காபிக் கடை. நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. சதுக்கத்தைப் பார்த்த மேசையில் இரண்டு மடங்குக்கு மேலும் போகும். ரசீதில் ‘கோபெர்த்தோ’ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ வரும். ரொட்டிக்கும் இருக்கைக்குமான அந்தக் கட்டணத்தை மெனுவிலேயே எழுதியிருப்பார்கள். அதற்கு மேல் டிப்ஸ் கட்டாயமில்லை.

டஸ்கனி ரொட்டியில் உப்பு இருக்காது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து உப்புக் கேட்க வேண்டாம், வழக்கமே அப்படி. உப்புத் தூக்கலான சீஸ், தொத்திறைச்சியோடு சேர்த்தால் கணக்குச் சரியாகும். காய்ந்த ரொட்டியையும் வீணாக்க மாட்டார்கள். கருங்கோஸும் வெள்ளை அவரையும் சேர்ந்த ரிபொல்லீத்தா, தக்காளியில் குழைத்த பாப்பா அல் பொமொதோரோ, கோடையில் பன்ஸனெல்லா எல்லாம் பழைய ரொட்டியின் அவதாரங்கள்தான்.

‘பிஸ்டெக்கா ஆல்லா ஃபியொரென்தீனா’ மாட்டிறைச்சி. எலும்போடு மூன்று நான்கு விரல் தடிமன், ஒரு கிலோவுக்குக் குறைந்து வெட்ட மாட்டார்கள், உள்ளே சிவப்பாகத்தான் வரும். மெனுவில் ‘6.50’ என்று பார்த்து மலிவு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் ‘எத்தோ’ என்ற சொல் இருக்கும், அது 100 கிராம். 1.2 கிலோ துண்டு என்றால் 78 யூரோ, எலும்பும் எடையில் சேர்த்தி. வாட்டுவதற்கு முன் பச்சைத் துண்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள், எடையை அப்போதே கேட்டுவிடுங்கள். நன்றாக வெந்தது வேண்டும் என்பவர்கள் இதைச் சொல்லவே வேண்டாம், பல கடைகளில் மறுத்துவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லை நம்ப வேண்டாம். மாமிசம் இல்லை என்று சொன்ன சூப்பில் எலும்புச் சாறு இருக்கலாம், சாலடில் நெத்திலி போன்ற மீன் இருக்கலாம். ‘ஸென்ஸா கார்னே, ஸென்ஸா புரோஷூத்தோ, ஸென்ஸா பெஷே, ஸென்ஸா புரோதோ தி கார்னே’ என்று நான்கையும் சொல்லுங்கள்: மாமிசம், பன்றித்தொடை, மீன், மாமிசச் சாறு வேண்டாம். முட்டை வேண்டாம் என்றால் ‘ஸென்ஸா உவோவா’. பீச்சி என்ற தடித்த கையுருட்டு நூடுல்ஸ் பெரும்பாலும் மாவும் தண்ணீரும்தான், சில வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள், கேளுங்கள். பூண்டும் தக்காளியும் சேர்ந்த ‘பீச்சி ஆல் அல்யோனே’ நம் நாக்குக்கு உடனே ஒட்டும். பார்மிஜானோ சீஸைக் கன்றின் வயிற்று நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் ‘ஸென்ஸா ஃபோர்மாஜ்ஜோ’வும் சேர்க்க வேண்டும். இனிப்பில் சியெனாவின் பான்ஃபோர்த்தேயில் வழக்கமாக முட்டை கிடையாது, தேனும் கொட்டைகளும்தான். ரிச்சரெல்லியில் வெள்ளைக்கரு உண்டு. கடைசியில் வரும் கான்தூச்சி பிஸ்கட் பல்லை உடைக்கும், வின் சாந்தோ எனும் இனிப்பு ஒயினில் முக்கித்தான் தின்ன வேண்டும். சாயாவில் ரஸ்க் முக்குவது மாதிரி.

திரும்பும் நாள்

சியெனாவிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு ரயிலைவிட நேர் பஸ் நல்லது. 131 ‘ராப்பிதா’, ஒன்றேகால் மணி நேரம். ரயில் நிலையம் மலையடியில், பஸ் புறப்படுவது ஊருக்கு மேலேயே. பகல் விமானம் என்றால் முந்தின இரவே ஃபிளாரன்ஸ் போய்விடுங்கள்.

ஒயின் கைப்பையில் போகாது. சரக்குப் பெட்டியில் வைத்தால் ஒரு புட்டி ஏறக்குறைய 1.3 கிலோ. இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவர் வரி இல்லாமல் 2 லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். 750 மில்லி புட்டி இரண்டு சரி, மூன்றாவது எல்லை தாண்டும். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, பிறகு இரண்டு ஜீன்ஸுக்குள் சுருட்டி, பெட்டியின் நடுவில் படுக்க வையுங்கள். ஓரத்தில் வைத்தால் முதல் மோதலிலேயே உடையும்.

ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வரியைத் திரும்பப் பெறலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி ‘டாக்ஸ் ஃப்ரீ’ படிவம் கேட்க வேண்டும். பொருள் சரக்குப் பெட்டியில் இருந்தால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பு விமான நிலையச் சுங்க மேசைக்குப் போங்கள். பெட்டி போன பிறகு படிவத்தோடு நின்றால் பொருளைக் காட்டச் சொல்வார்கள், காட்ட முடியாது.